அறிவியல் பட்டமும் சட்டப் பட்டமும்: காஞ்சிபுரத்தில் நின்று ஒரு மதிப்பீடு

பட்டுப்புடவையின் ஜரிகை அசலா என்று பார்க்கக் காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளில் ஒரு எளிய சோதனை உண்டு. இழையைக் கல்லில் அழுத்தி உரசுவார்கள். மேலிருக்கும் பொன்னும் வெள்ளியும் தேய்ந்து உள்ளே சிவப்புப் பட்டு இழை தலைகாட்டினால் நல்ல ஜரிகை. வெள்ளை நூலோ பாலியஸ்டரோ தெரிந்தால் போலி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் கல்லில் உரசியது செல்லாது. கருவி கொடுத்த அறிக்கை வேண்டும்.

அந்த அறிக்கையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1971-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை லிமிடெட் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரும் ஜரிகையின் சேர்மானம் 0.5 சதவீதம் தங்கம், 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் செம்பு, 24 சதவீதம் பட்டு என்று சொல்லப்படுகிறது. புடவையை வெட்டாமல் இதைச் சோதிக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிர்கிறது. கருவி அதை எண்ணிச் சதவீதமாகத் தருகிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டு ஒரு புரதம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான தனிமங்களால் ஆனது. அவற்றை இந்தக் கருவி காணாது. உலோகங்களை மட்டும் நூறாகக் கொண்டு கணக்கிட்டால், சரியான ஜரிகையில் வெள்ளி ஏறத்தாழ 52.6 சதவீதம் என்று காட்ட வேண்டும், 40 என்று அல்ல. கருவி 40 காட்டினால் மொத்த எடையில் வெள்ளி சுமார் 30 சதவீதம்தான் இருக்கிறது. அதாவது வாங்கியவர் ஏமாந்திருக்கிறார். இந்தக் கணக்குத் தெரியாத வழக்கறிஞர் அறிக்கையில் 40 என்ற எண்ணைப் பார்த்ததும், சொல்லப்பட்ட அளவு அதுதானே என்று கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கிறது என்பது இன்னொரு சிக்கல். பொன்பூச்சு மேலே இருப்பதால் தங்கம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும்.

வழக்கறிஞருக்குச் சட்டப்பிரிவு தெரியும். ஆய்வகத்தில் இருப்பவருக்குக் கருவி தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் கேள்வியாக்கத் தெரிந்த ஆள் அந்த அறையில் இருப்பது அபூர்வம். அறிவியல் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளதா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். கல்லூரி விளம்பரங்கள் இதை ‘இரட்டைத் தகுதி’ என்று விற்கின்றன. தகுதி எத்தனை என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் ஆளை எந்தப் படிப்பு உருவாக்கும் என்பதுதான் ஆராய வேண்டியது.

காஞ்சிபுரத்தின் சச்சரவுகள் பலவும் இந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன. புவிசார் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1999-ல் இயற்றப்பட்ட புவிசார் குறியீடுகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் நமக்குப் பக்கத்தில், சென்னை கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் அங்கே பதிவானது. விண்ணப்பத்தில் பொருளின் தன்மை, செய்முறை, அந்த ஊரோடு அதற்குள்ள தொடர்பு, தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் எழுத வேண்டும். இழையின் தன்மை, கோர்வை முறையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் இணைத்து நெய்யும் விதம், ஜரிகையின் சேர்மானம் என எழுதப்படும் ஒவ்வொரு வரியும் தொழில்நுட்ப விவரமாகவும் சட்ட ஆவணமாகவும் இருக்கும். அதில் தளர்வாக எழுதிய ஒரு சொல், பத்து வருடம் கழித்துப் போலி விற்றவருக்குத் தப்பும் வழியாகிவிடும். போலிக் குறியீட்டோடு பொருளை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. தண்டனை கடுமையானது. அதை வாங்கித்தர வேண்டுமானால் புடவை போலி என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணம் இழையிலும் உலோகத்திலும் இருக்கிறது.

விசைத்தறிச் சண்டையும் இப்படித்தான். 1985-ன் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 1993-ல் பர்வேஜ் அக்தர் வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டம் செல்லும். ஆனால் மேசை மீது விரித்த ஒரு புடவை கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா என்பதை அமலாக்க அலுவலர் எதை வைத்துச் சொல்வார்? விளிம்பின் அமைப்பு, ஊடை இழையின் அடர்த்தியில் தெரியும் சிறு ஏற்றத்தாழ்வு, கரை இணையும் இடம் என நெசவாளியின் கண் நொடியில் பிடிப்பதைச் சாட்சிக் கூண்டில் எண்ணாகவும் படமாகவும் விளக்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கைத்தறிக்காரர்கள் பட்ட வேதனையில் பெரும்பங்கு இந்த நிரூபணச் சிக்கலால் வந்தது என்பது என் எண்ணம்.

தண்ணீர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சாயம் ஏற்றுமுன் கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்குவார்கள். எடையில் ஏறத்தாழ கால்பங்கு அந்த நீரில் கரைந்துபோகும். அந்தப் பசை செரிசின் என்ற புரதம். அது நீரில் சேர்ந்தால் நீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை எகிறும். இங்குள்ள வேகவதி ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவோடு வீட்டுச் சாக்கடையும் கலக்கிறது. இரண்டுமே அந்த எண்ணை உயர்த்தும். எது எவ்வளவு என்று பிரிக்காமல் பழியை ஒருவர் தலையில் போட முடியாது. நிறமும் கரைந்த உப்பின் அளவும் சேர்ந்தால்தான் சாயத்தின் பங்கு தெரியவரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்குப் பொது வரம்பு உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராம், கரைந்த திடப்பொருள் 2,100 மில்லிகிராம். இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அவற்றை எப்படி அளந்தார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறது. பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, முத்திரை வைக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது. சட்டம் படித்தவர் இதைப் பிடித்துவிடுவார். அந்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்தார்களா, வெயிலில் ஜீப்பின் பின்னே போட்டு மறுநாள் ஆய்வகம் கொண்டுபோனார்களா என்பதை அவர் கேட்க மாட்டார். வழியிலேயே நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்றுவிட்டால் எண் குறையும், மாசு செய்தவர் தப்புவார். உயிரிய ஆக்சிஜன் தேவை, மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளக்கும் சோதனை. ஆய்வகத்தின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கறிஞர் எத்தனை பேர்? வேதியியல் படித்தவருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். அவருக்கோ 21-ஆம் பிரிவு தெரியாது. ஒரே அறிக்கையில் சட்ட ஓட்டையும் அறிவியல் ஓட்டையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

இந்த வட்டாரத்திலிருந்து நாட்டுக்கே வழிகாட்டிய வழக்கும் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாற்றின் கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற ஆய்வுத் தகவலை நீதிமன்றம் தீர்ப்பில் எடுத்தாண்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அத்தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் சுமை தொழிற்சாலையின் தலையில் விழுந்தது. இந்த மாற்றத்தின் பொருளை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். அறிவியல் உறுதியாகச் சொல்லும்வரை காத்திருக்க மாட்டோம் என்று சட்டம் முடிவெடுத்துவிட்டது. அறிவியலின் நிச்சயமின்மையை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சட்டம் தந்த விடை அது. பிறகு திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சொட்டுக் கழிவும் வெளிவிடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது வரை அந்த வழி நீண்டது.

வேலூர் தீர்ப்புக்கு மூன்று வருடம் கழித்து, 1999-ல், ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பேராசிரியர் எம்.வி. நாயுடுவுக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் இந்தக் கேள்விக்கு நேரே வந்தார். ஹைதராபாத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் அருகே ஒரு தொழிற்சாலை அமையலாமா என்பது வழக்கு. அறிவியல் தன் முடிவைப் புதிய தகவல் வந்தால் மாற்றிக்கொள்ளும். நீதிமன்றமோ கையில் இருப்பதை வைத்து இன்றைக்கே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இந்த முரணை அவர் விரிவாக ஆராய்ந்து, விஞ்ஞானிகளும் அமரும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் வேண்டும் என்றார். பிறகு அவரே சட்ட ஆணையத்தின் தலைவராகி 2003-ல் 186-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தார். 2010-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே நீதித்துறை உறுப்பினருக்குப் பக்கத்தில் வல்லுநர் உறுப்பினர் அமர்கிறார். உயர் அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் பதினைந்து ஆண்டு அனுபவமும், இல்லையேல் சுற்றுச்சூழல் சார்ந்த பணியும் அடங்கிய பதினைந்து ஆண்டு நிர்வாக அனுபவமும் அவருக்கு இருக்க வேண்டும்.

இரட்டைப் படிப்புக்கு எதிரான மிக வலுவான வாதம் இங்கேதான் பிறக்கிறது. ஒருவரே இரண்டையும் அரைகுறையாகப் படிப்பதைவிட, இரண்டு துறையிலும் முழுமையாகத் தேர்ந்த இருவரை ஒரே அமர்வில் உட்கார வைப்பது மேல் என்ற வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. இளங்கலையில் மூன்று வருடம் வேதியியல் படித்தவர் விஞ்ஞானி ஆகிவிடமாட்டார். பழைய பாடத்தை நம்பி இன்றைய ஆய்வை எதிர்த்தால் கட்சிக்காரருக்குத்தான் கேடு. நல்ல குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வழக்குக்கும் அந்தத் துறையை ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் பி.எஸ்ஸி. படித்தவர்களாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த வாதம் உயர் அமர்வுகளுக்குத்தான் பொருந்துகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வல்லுநர் உறுப்பினர் கிடையாது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. அறிக்கை 45 நாளில் வர வேண்டும். அதை ஏற்காதவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். அந்த ஆட்சேபத்தை எழுதுவது யார்? பத்தாயிரம் ரூபாய்ப் புடவைக்காகப் பேராசிரியரை யாரும் அழைத்து வரமாட்டார்கள். கீழ்நிலை மன்றங்களில் வழக்கறிஞரின் சொந்த அறிவுதான் கட்சிக்காரருக்குக் கிடைக்கும் ஒரே வல்லுநர் உதவி.

காப்புரிமைத் துறை இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே விடை எழுதி வைத்திருக்கிறது. 1970-ன் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி காப்புரிமை முகவராக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். முன்பு வழக்கறிஞராக இருப்பவர் அந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை. 2005 திருத்தம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. சென்னை வழக்கறிஞர் எஸ்.பி. சொக்கலிங்கம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. தேர்வு எழுதாதவர் காப்புரிமை முகவராகலாமா, வழக்கறிஞரின் தொழில் உரிமையை அதற்காகப் பறிக்கலாமா என்ற இரண்டு நியாயங்களும் அங்கே நேருக்கு நேர் மோதின. அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகத் தேர்வு எழுதவே அறிவியல் அல்லது பொறியியல் பின்னணி வேண்டும். வழக்கறிஞர் என்பது மட்டும் போதாது. புற்றுநோய் மருந்தான இமாடினிப் வழக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் சொன்னது. பிறகு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. மருந்தின் பீட்டா படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுவதால் மட்டும் நோய் தீர்க்கும் திறன் கூடியதாகுமா என்பதுதான் அங்கே மையக் கேள்வி. ஆகாது, அதைத் தனியே நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பல்லாயிரம் நோயாளிகளின் மருந்துச் செலவு ஒரு வேதியியல் வேறுபாட்டின் சட்ட விளக்கத்தில் தொங்கியது.

குற்றவியல் பக்கம் போனால் நம் மாநிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசு வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் சென்னையில் 1849-ல் தொடங்கியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் சிதறிய துணியிலிருந்தும் கம்பியிலிருந்தும் இடுப்பில் கட்டிய வெடிகுண்டின் அமைப்பைத் திரும்பக் கட்டிக் காட்டினார். கொலை நடந்த இடம் காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் உண்டு. இனி எல்லா மாவட்ட நீதிமன்றங்களிலும் தடய அறிக்கைகள் குவியும். அவற்றைப் படித்து எதிர்க் கேள்வி கேட்க, குறிப்பாக வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவருக்காகக் கேட்க, ஆள் வேண்டும்.

கோயில்களையும் விட்டுவிட முடியாது. ராஜசிம்ம பல்லவன் ஏறத்தாழ 700-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது. உப்பும் ஈரமும் அதை உதிர்க்கின்றன. சுற்றி நூறு மீட்டர் கட்டடத் தடை, அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு என்று தொல்லியல் சட்டம் எல்லை வரைகிறது. மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சிக் கற்சுவரைச் சுத்தம் செய்த முறை பல ஊர்களில் கல்வெட்டு எழுத்துகளையே தேய்த்துவிட்டது. அறநிலையத் துறை அதைத் தடைசெய்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில் பாதுகாப்பு பற்றி 75 உத்தரவுகளைக் கொண்ட நீண்ட தீர்ப்பைத் தந்தது. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் புதிதாகச் செய்த உற்சவர் சிலையில் தங்கம் சேர்க்கப்பட்டதா என்ற புகார் சில ஆண்டுகளுக்கு முன் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வரை போனது. வழிபாட்டுச் சிலையை உருக்கிப் பார்க்க முடியாது. ஜரிகைக்குச் சொன்ன அதே கருவிதான் வழி, மேற்பரப்பு மட்டுமே தெரியும் என்ற அதே கேள்வியும் அங்கே நிற்கும்.

தேவை இருப்பது இவ்வளவில் விளங்கும். படிப்பு எப்படிக் கிடைக்கிறது? இந்தியாவில் மூன்று வழிகள் உண்டு. பழைய வழி, ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டாவது, பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி 1980-களின் கடைசியில் இதைப் பிரபலமாக்கியபோது அது பி.ஏ. எல்.எல்.பி.யாகத்தான் இருந்தது. சட்டத்தோடு வரலாறும் அரசியலும் பொருளியலும் சேர்வதுதான் இயல்பு என்ற எண்ணம் அப்படியே ஊன்றிவிட்டது. பிற்பாடு குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் பி.எஸ்ஸி. எல்.எல்.பி. தொடங்கியது. போபாலில் இணையப் பாதுகாப்போடும், காந்திநகரின் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடய அறிவியலோடும் சட்டம் சேர்த்துப் படிக்கலாம். மூன்றாவது, ஐஐடி கரக்பூரில் 2006-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளியைப் போல, அறிவியலும் பொறியியலும் படித்தவர்களுக்காகவே நடக்கும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு பல காலமாகச் சாதாரணமான ஒன்று. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பு என்றால் பெரும்பாலும் பி.ஏ. எல்.எல்.பி.தான். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு அருகிலிருப்பது செங்கல்பட்டு, அதற்கப்பால் சென்னை அரசுச் சட்டக் கல்லூரி 2018-ல் இடம்மாறிய புதுப்பாக்கம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதித்தது. அதை நம்பிச் சட்டக் கல்லூரியிலும் இன்னொரு கல்லூரியின் நேரடி பி.எஸ்ஸி.யிலும் சேரலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் சட்டப் பட்டத்தோடு இன்னொரு பட்டத்தைச் சேர்த்துப் படிப்பதைத் தடுக்கின்றன, ஒருங்கிணைந்த படிப்பும் தொலைநிலைப் படிப்பும் போன்ற சிலவே விதிவிலக்கு. வழக்கறிஞராகப் பதிவுசெய்யும்போது மாட்டிக்கொண்டால் ஐந்து வருடமும் வீண். யாராவது இதைச் சேர்க்கை நாளிலேயே சொல்லியாக வேண்டும்.

ஐந்தாண்டு பி.எஸ்ஸி. எல்.எல்.பி.யைப் பற்றி எனக்கு உண்மையான தயக்கம் ஒன்று இருக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி இருபது கட்டாயச் சட்டத் தாள்கள், நான்கு செய்முறைப் பயிற்சித் தாள்கள், குறைந்தது ஆறு விருப்பத் தாள்கள். முப்பது தாள்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு ஐந்தாண்டில் ஆய்வகத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? ஜரிகை அறிக்கையில் ஓட்டையைக் காண, கருவியின் முன்னால் நின்று அது தவறாகக் காட்டியதைப் பார்த்த அனுபவம் வேண்டும். ஒரே மாதிரியை மூன்று முறை சோதித்து மூன்று எண் வந்தபோது ஆசிரியரிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டும். பிழை வரம்பு என்பது அப்போதுதான் உடம்பில் ஏறும். அறிவியலைக் கோட்பாடாக மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஒருங்கிணைந்த படிப்பு, பி.ஏ.யைப் போலவே இன்னொரு வகுப்பறைப் பாடமாகிவிடும். காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியிலோ ஏனாத்தூர்க் கல்லூரியிலோ முறையாக ஆய்வகம் பார்த்து மூன்று வருடம் வேதியியல் படித்துவிட்டு, பிறகு மூன்று வருடம் சட்டம் படிப்பதே நல்ல வழி என்று துணிந்து சொல்வேன். ஒரு வருடம் கூடும். நெசவாளர் வீட்டில் ஒரு வருடச் சம்பாத்தியம் சின்ன விஷயமல்ல என்பது தெரியும். இருந்தும் அந்த ஒரு வருடம்தான் பட்டத்துக்குப் பொருள் தருகிறது.

அறிவியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்த பலர் பழைய பாடத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எல்லோரும் அப்படியல்ல. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் சென்னை விவேகானந்தா கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுச் சென்னைச் சட்டக் கல்லூரிக்குப் போனவர். உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தபோது 2020 மார்ச்சில் எழுதிய மெய்நிகர் நாணய வழக்கின் தீர்ப்பு, அந்த நாணயம் தொழில்நுட்ப ரீதியில் என்ன என்பதை முதலில் பொறுமையாக ஆராய்ந்துவிட்டுத்தான் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை செல்லுமா என்ற கேள்விக்குப் போகிறது. வேதியியல் பட்டம்தான் இந்தத் தீர்ப்பை எழுதவைத்தது என்று நான் சொல்லவில்லை. பொருளைப் புரிந்துகொண்ட பிறகே சட்டத்தைத் தொடும் அந்த ஒழுங்கை அறிவியல் வகுப்பறை பழக்குகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எந்த அறிவியல் என்பதும் ஊரைப் பொறுத்தது. இங்கே வேதியியலுக்கே முதலிடம். அடுத்து நான் புள்ளியியலைச் சொல்வேன், இயற்பியலை அல்ல. மாதிரியின் அளவு, பிழை வரம்பு, இரண்டு எண்களின் வேறுபாடு தற்செயலா என்ற கேள்வி இல்லாமல் எந்த ஆய்வக அறிக்கையையும் எதிர்க்க முடியாது. அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டும் என்பது வழக்கம். உரிமையியல் வழக்கில் எது அதிகம் சாத்தியம் என்பது போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் இருக்கக் கூடாது. இந்த மூன்று அளவுகோல்களையும் ஒன்றோடொன்று குழப்பியே பல விவாதங்கள் வீணாகின்றன.

மொழியையும் சொல்லியாக வேண்டும். நம் கீழ் நீதிமன்றங்களில் தமிழில் சாட்சியம் பதிவாகிறது, தமிழில் தீர்ப்பு எழுதலாம். ஆய்வக அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. நெசவாளி தமிழில் சொன்னதையும் கருவி ஆங்கிலத்தில் சொன்னதையும் நீதிபதிக்கு ஒரே மொழியில் விளக்க, தமிழில் வேதியியல் பேசத் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கும் தூரத்துப் பல்கலைக்கழகப் பட்டம் இதைத் தராது.

அதனால் நான் கேட்பது புதிய பட்டம் அல்ல. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இலவசச் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் மூன்றாண்டுப் படிப்பில் சேரும் வேதியியல், உயிரியல், புள்ளியியல் பட்டதாரிகளைத் தனியாகக் கண்டெடுத்து, அந்த மையத்தின் ஒரு கிளையைக் காஞ்சிபுரத்தில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் ஜரிகை ஆய்வகத்திலும் ஒரு பருவம் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்திலும் அவர்கள் மாதிரி எடுப்பதையும் அளப்பதையும் கூடவே இருந்து பார்க்கட்டும். மூன்றாம் ஆண்டில் நெசவாளரோ வாங்கியவரோ கொண்டுவரும் அறிக்கையைப் படித்து, ஆட்சேபத்தைத் தமிழில் எழுதித் தரட்டும். செய்முறைப் பயிற்சிக்கான நான்கு தாள்களில் இரண்டை இதற்கு ஒதுக்கினால் பாடத்திட்டம் குலையாது. பெரும் செலவு பிடிக்கும் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆய்வகக் கதவைத் திறந்துவிட கைத்தறித் துறையும் வாரியமும் சம்மதிக்க வேண்டும், அந்த இரண்டு பருவத்துக்கும் மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் யாராவது தர வேண்டும்.